பச்சைத் துணிக்குக் கீழே

புவெர்த்தோ மோன்ட்டில் மூன்றாம் நாளாக மழை.
கூரையில் அது கொட்டுவதும்
பம்ப் மருந்தைத் தள்ளுவதும்
ஒரே தாளமாகிவிட்ட முற்பகல்.

எலுனேய்க்கு இரண்டு வயது நான்கு மாதம்.
இடுப்பு மூட்டைத் திறந்திருக்கிறார் டாக்டர் ஓயர்சுன்.
நான் தலைமாட்டில்.
மூச்சு, துடிப்பு, தூக்கம் என் பொறுப்பு,
கூடவே என் கண்ணுக்குத் தெரியாத
ஓர் இடது கை.

அந்தக் கையில் மூன்று முறை குத்தினேன்.
கொழுகொழுப் புறங்கையில் ரத்தக்குழாய் என்பது
இருக்கிறது என்று நம்பித் தேடும் ஒன்று.
கிடைத்ததும் டேப் ஒட்டி, மட்டை வைத்துக் கட்டினேன்.
மேலே பச்சைத் துணி விழுந்தது.
அதோடு அந்தக் கை
வரைபடத்தில் இல்லாத தீவு.

விழித்திருந்தால்
ஊரைக் கூட்டியிருப்பாள்.
காலை உதைத்து, டேப்பைப் பிய்த்து,
வலி என்ற சொல் தெரியாவிட்டாலும்
வலியைச் சொல்லியிருப்பாள்.
அவள் வாயடைத்தவள் நான்.
அவளுக்குப் பதிலாக அழ வேண்டியதும்
நான்தான்.
எந்தப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டமில்லை.

பத்து நாற்பது. துடிப்பு நூற்றுப் பதினெட்டு.
பத்து நாற்பத்தைந்து. நூற்று முப்பத்தொன்று.
பம்பின் விளக்கு சாதுவாக எரிகிறது.
அழுத்தம் கூடினால் அலறும் என்பார்கள்.
இளஞ்சதை நெகிழ்ந்து இடம் கொடுக்கும்.
மருந்து எங்கே போகிறது என்று
பம்ப் கேட்பதில்லை,
போகிறதா என்பதோடு சரி.

"உறைக்குது போலிருக்கு, கொஞ்சம் கூட்டுங்களேன்"
என்றார் ஓயர்சுன், நிமிராமல்.
கூட்டினேன்.
அந்த ஒரு நிமிடத்தை
இன்னும் கைவசம் வைத்திருக்கிறேன்.

துடிப்பு இறங்கவில்லை.
அப்புறம்தான் குனிந்தேன்.
நோல்பெர்த்தோ டார்ச் பிடிக்க
துணிக்கு அடியில் தோள்வரை நுழைந்தேன்.
முதலில் வலது கை, ஒப்பிட.
வெதுவெதுப்பு. கிள்ளினால் மடிகிற தோல்.
பிறகு இடது.

சில்லென்றிருந்தது.
மெழுகு தேய்த்தது போல மினுங்கியது.
விரல் கணுக்களின் குழிகளைக் காணோம்.
டேப் சதைக்குள் புதைந்து கிடந்தது.
நகத்தை அழுத்தி விட்டேன்.
வெள்ளை.
ஒன்று, இரண்டு,
மூன்று, நான்கு,
பிறகே தயங்கித் தயங்கி ஒரு சிவப்பு.

அவளுடைய தூக்கம்
குழாய்க்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.
அதில் நான் கூட்டிக் கொடுத்ததும்.

"நிறுத்துங்க" என்றேன். கத்தி நின்றது.
வாயுவைத் திறந்து மயக்கத்தை மீட்டேன்.
வலது மணிக்கட்டில் முதல் குத்திலேயே கிடைத்தது;
அதிர்ஷ்டத்துக்கு வெட்கம் என்பதே இல்லை.
இடது கையின் கட்டை வெட்டி
உறிஞ்ச முடிந்ததை உறிஞ்சி
ஊசிக்குழலை உருவி
கையை உயர்த்தி வைத்தேன்.
வீக்கம் முடியும் விளிம்பில்
ஊதாப் பேனாவால் ஒரு கோடு,
பக்கத்தில் நேரம்.

வியாழனன்று அடுத்த குழந்தைக்கு
கைமேல் மட்டும் ஒளி புகும் பிளாஸ்டிக் கேட்டேன்.
சரக்கறையில் முணுமுணுத்தார்கள். கொடுத்தார்கள்.

ஆனால் அன்று மாலை,
சிலோயே தீவிலிருந்து படகேறி வந்த
எடித்தா நாவெல்கின்
இடுப்புக் கட்டைப் பார்க்கவில்லை.
கடல் வற்றும் நேரம் பார்த்து
பாசி அள்ளுகிற கண்கள்,
நேரே கோட்டுக்குப் போயின.
"இது என்ன?"

சொன்னேன்.
கூட்டியதையும் சொன்னேன்.
ஓயர்சுன் ஜன்னலைப் பார்த்தார்.
அவள் கத்துவாள் என்று நின்றேன்.
கத்தினாள்.
பக்கத்துக் கட்டிலில் ஒரு சிறுவன்
சாப்பிடுவதை நிறுத்தினான்.

நெடுநேரம் கழித்து
உப்பில் வெடித்த கட்டைவிரலை
கோட்டுக்கும் வீக்கத்துக்கும் நடுவே வைத்தாள்.
விரல் அகலத்துக்கு
இடம் விட்டிருந்தது.

"இதுவரைக்கும் இருந்ததா?"
"ஆமாம்."
"வடியுது."

எனக்குச் சொல்லவில்லை அவள்.
கரையைப் பார்த்து
தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற குரல்.
பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"இதை யாரும் அழிக்கக் கூடாது.
காலையில் நானே பார்க்கணும்."